அமெரிக்க அதிபர்களும் சி.ஐ.ஏ.வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் தொடங்கி மூணாறு, வண்டிப்பெரியாறு வரை, கேரள எல்லையோரத் தமிழர்களுக்கு அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் பெயர் புதிதல்ல. 1959இல் நம்பூதிரிபாட் அமைச்சரவை கலைக்கப்பட்டது முதல் இஸ்ரோ வழக்கு வரை டீக்கடைப் பேச்சில் அந்தப் பெயர் அடிபட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த அமைப்புக்கு யார் கட்டளையிடுகிறார்கள், எந்தத் தாளில், யாரிடம் சொல்லிவிட்டு என்பதுதான் பேச்சில் வருவதில்லை. வாயனசாலை விவாதங்களிலும், பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சி.ஐ.ஏ.வைப் பற்றி எந்தச் செய்தியைக் கேட்டாலும், "அப்போது அதிபர் என்ன சொன்னார், எழுத்தில் சொன்னாரா, வாய்மொழியாகவா?" என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சி.ஐ.ஏ. யாருக்குக் கட்டுப்பட்டது?

அதிபருக்கு. 1947 ஜூலை 26 அன்று ஹாரி ட்ரூமன் கையெழுத்திட்ட தேசியப் பாதுகாப்புச் சட்டத்தால் உருவானது. செப்டம்பர் 18 முதல் இயங்கத் தொடங்கியது. அந்தச் சட்டப்படி அது தேசியப் பாதுகாப்பு கவுன்சிலின் வழிகாட்டுதலில் இயங்க வேண்டும். அந்தக் கவுன்சிலின் தலைவர் அதிபர்தான். சி.ஐ.ஏ. இயக்குநரை அதிபர் முன்மொழிவார், செனட் ஒப்புதல் தர வேண்டும். உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் இயக்குநருக்குப் பத்தாண்டுப் பதவிக்காலம் உண்டு, சி.ஐ.ஏ. இயக்குநருக்கு அப்படி எதுவும் இல்லை. அதிபர் வேண்டாம் என்றால் அன்றே வெளியே.

அதே சட்டம் சி.ஐ.ஏ.வுக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது, உள்நாட்டுப் பாதுகாப்பு வேலை கிடையாது என்றும் சொல்கிறது. அமெரிக்க மண்ணில் ஒருவரைக் கைது செய்ய அதனால் முடியாது.

தேர்வு எழுதுபவர்கள் வழுக்குவது 2004இல். அதுவரை சி.ஐ.ஏ. தலைவரே அமெரிக்க உளவு அமைப்புகள் அனைத்துக்கும் பெயரளவில் தலைவர். அதிபரின் முதன்மை உளவு ஆலோசகரும் அவர்தான். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2004 டிசம்பரில் வந்த சட்டம் அந்த இரண்டு பொறுப்புகளையும் பிரித்து 'தேசிய உளவுத்துறை இயக்குநர்' என்ற புதுப் பதவிக்குக் கொடுத்தது. முதலில் அமர்ந்தவர் ஜான் நெக்ரோபோன்டே, 2005இல். பழைய வழிகாட்டி நூல்கள் இன்னும் பழைய கணக்கையே சொல்கின்றன.

நம் ஜனாதிபதிக்கும் 'ரா' அமைப்புக்கும் அதே உறவுதானா?

இல்லை. நம்மிடம் உளவு அமைப்புகளின் கடிவாளம் பிரதமர் கையில். 1968 செப்டம்பரில் தொடங்கப்பட்ட வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா' அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் வருகிறது, உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி. உள்துறையின் கீழ். அரசியல் சாசனத்தின் 74ஆம் பிரிவின்படி ஜனாதிபதி அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். 78ஆம் பிரிவின்படி அவர் பிரதமரிடம் தகவல் கேட்கலாம். உளவு அமைப்புக்கு நேரடியாக உத்தரவிட முடியாது. ஒற்றப்பாலத்துக்காரரான எம்.கே. நாராயணனும், கேரளப் பிரிவு ஐ.பி.எஸ். அதிகாரியாகத் தொடங்கிய அஜித் தோவலும் வகித்த தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவியும் பிரதமரைச் சார்ந்ததே.

இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரிது. சி.ஐ.ஏ.வை நாடாளுமன்றச் சட்டம் உருவாக்கியது. 'ரா'வுக்கும் ஐ.பி.க்கும் அப்படி ஒரு நிறுவனச் சட்டமே இல்லை, அரசாணைகளில் ஓடுகின்றன. 2011இல் மணீஷ் திவாரி இதற்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. சி.ஐ.ஏ.வின் தவறுகளைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கே காரணம் அங்கே சட்டமும் அதை மேற்பார்க்கும் குழுக்களும் இருப்பதுதான். நம் அமைப்புகளைப் பற்றிய மௌனத்தைத் தூய்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதிபருக்கு இப்படி ஓர் அமைப்பு எதற்குத் தேவைப்பட்டது?

பேர்ல் ஹார்பர். 1941 டிசம்பரில் ஜப்பான் தாக்கியபோது எச்சரிக்கைத் துணுக்குகள் ராணுவம், கடற்படை, வெளியுறவுத்துறை என்று சிதறிக் கிடந்தன. சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. ரூஸ்வெல்ட் 1942இல் ஓ.எஸ்.எஸ். என்ற போர்க்கால அமைப்பை உருவாக்கினார். ட்ரூமன் 1945 அக்டோபர் 1 முதல் அதைக் கலைத்தார். கலைத்த சில மாதங்களிலேயே, ஒன்றுக்கொன்று முரண்பட்ட அறிக்கைகள் மேசையில் குவிவதைப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே தாளில் சுருக்கித் தாருங்கள் என்று கேட்டார். 1946 பிப்ரவரியில் தினச் சுருக்கம் வரத் தொடங்கியது.

அவர் கேட்டது செய்தி சேர்க்கும் ஓர் அலுவலகம். ஆனால் 1947 சட்டத்தில், கவுன்சில் அவ்வப்போது சொல்லும் 'பிற பணிகளையும்' செய்யலாம் என்று ஒரு வரி சேர்ந்தது. ஆட்சிக் கவிழ்ப்பு, ரகசியப் பணம், கூலிப்படை எல்லாம் அந்த ஒரு வரி வழியாகத்தான் உள்ளே வந்தன. 1948 ஜூனில் கவுன்சிலின் உத்தரவு ஒன்று, விஷயம் வெளியே வந்தாலும் அமெரிக்க அரசு 'எங்களுக்குத் தெரியாது' என்று நம்பும்படி மறுக்கத்தக்க விதத்தில் நடவடிக்கைகள் இருக்க வேண்டும் என்றது. 1963 டிசம்பரில், பதவி விட்டுப் போய்ப் பத்தாண்டு கழிந்த ட்ரூமனே, சி.ஐ.ஏ. தன் முதல் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று வாஷிங்டன் போஸ்டில் எழுதினார். ஆனால் 1948 உத்தரவு அவர் ஆட்சியிலேயே பிறந்தது என்பதை மறக்க வேண்டாம்.

அதிபர் கைக்குத் தினமும் என்ன வருகிறது?

பி.டி.பி. எனப்படும் அதிபருக்கான தினச் சுருக்கம். 1961 ஜூன் 17 அன்று கென்னடிக்காக இதன் முன்னோடி தொடங்கியது; சட்டைப்பையில் வைத்துப் படிக்கத் தோதான சிறு குறிப்பேடு. 1964 டிசம்பர் 1 முதல் ஜான்சனுக்காக இன்றைய பெயரில் வருகிறது. ஜான்சனுக்கு இரவில் படிக்கும் வழக்கம் என்பதால் முதலில் மாலைப் பதிப்பாகவே தயாரித்தார்கள். நிக்சன் பதவியேற்கும் முன் நியூயார்க் ஓட்டலில் தங்கியிருந்தபோது அனுப்பிய உறைகள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. பிறகு பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சர் தன் குறிப்பை மேலே வைத்து அனுப்புவதே வழக்கமாயிற்று. சி.ஐ.ஏ. தலைவராக இருந்து அதிபரான ஒரே மனிதர் மூத்த புஷ். அவர் தினமும் உளவு அதிகாரியை எதிரே உட்கார வைத்துப் படித்தார். ஒபாமாவுக்கு 2012 முதல் டேப்லெட்டில் போனது.

வேலை நடக்கும் விதம் இது: பகுப்பாய்வாளர் ஒரு பக்கம் எழுதுவார், பல அடுக்குத் திருத்தம், மற்ற அமைப்புகளின் ஒப்புதல் அல்லது மாற்றுக் கருத்து, இரவு முழுக்கப் புதுத் தகவல் சேர்ப்பு, விடியலில் விளக்க அதிகாரி கையில். 2005 முதல் இதன் பொறுப்பு தேசிய உளவுத்துறை இயக்குநரிடம் இருந்தாலும் எழுதுபவர்களில் பெரும்பகுதி சி.ஐ.ஏ. ஆட்களே.

இதில் பழுது இரண்டு இடத்தில் வரும். அதிபர் படிக்காமல் விடுவது ஒன்று. அதைவிட ஆபத்தானது, படிக்கும் அதிபருக்கு எது பிடிக்கும் என்று எழுதுபவர் தெரிந்துகொள்வது. முதலாவதை நேர ஒதுக்கீட்டில் சரிசெய்யலாம். இரண்டாவது எந்தப் பதிவேட்டிலும் அகப்படாது.

செப்டம்பர் 11 தாக்குதலைப் பற்றி புஷ்ஷுக்கு முன்பே தெரியுமா?

2001 ஆகஸ்ட் 6 தினச் சுருக்கத்தின் தலைப்பே, பின் லாடன் அமெரிக்காவுக்குள் தாக்க உறுதி பூண்டிருக்கிறார் என்பது. டெக்சாஸ் பண்ணை வீட்டில் அன்றைய அதிபர், மூத்த புஷ்ஷின் மகன் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், அதைப் பெற்றார். அது ஒன்றரைப் பக்கம்; 2004 ஏப்ரலில் வெளியிடப்பட்டது. நாள், இடம், முறை எதுவும் அதில் இல்லை. பெரும்பாலும் பழைய வரலாறு, எஃப்.பி.ஐ. எழுபது விசாரணைகள் நடத்துவதாக ஒரு வரி. விசாரணை ஆணையத்தின் கணக்கில், அந்த ஆண்டு பின் லாடன் அல்லது அல் கொய்தா பற்றி அதிபருக்குப் போன 36ஆவது குறிப்பு அது. 'எல்லாம் தெரிந்தும் விட்டார்' என்பதும் 'எதுவுமே சொல்லவில்லை' என்பதும் இரண்டும் தவறு. எச்சரிக்கை போனது. அதைச் செயலாக மாற்றும்படி யாரும் யாரையும் விரட்டவில்லை.

ரகசிய நடவடிக்கைக்கு அதிபர் எப்படி உத்தரவு தருகிறார்?

'ஃபைண்டிங்' என்ற எழுத்து உத்தரவு மூலம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

சி.ஐ.ஏ.வின் நடவடிக்கைப் பிரிவு வரைவு எழுதும். அதன் வழக்கறிஞர்கள் பார்ப்பார்கள். பிறகு தேசியப் பாதுகாப்பு கவுன்சிலில் துணைநிலை அதிகாரிகள் குழு, அதற்கு மேல் அமைச்சர்நிலைக் குழு. கடைசியில் அதிபர் கையெழுத்து. அமெரிக்காவின் வெளியுறவு நோக்கங்களுக்கு இது அவசியம், தேசப் பாதுகாப்புக்கு முக்கியம் என்று அதிபரே தீர்மானித்திருப்பதாக அந்தத் தாள் சொல்ல வேண்டும். எந்தெந்த அரசு அமைப்புகள் பங்கேற்கும் என்று பெயர் குறிப்பிட வேண்டும். நடந்து முடிந்ததற்கு முன்தேதியிட்டு ஒப்புதல் தரக் கூடாது. மிக அவசரம் என்றால் அப்போதே குறித்து வைத்துவிட்டு 48 மணி நேரத்துக்குள் முறையான உத்தரவு எழுத வேண்டும். அரசியல் சாசனத்தையோ சட்டத்தையோ மீற அனுமதி தர முடியாது. அமெரிக்க உள்நாட்டு அரசியலிலோ ஊடகத்திலோ செல்வாக்குச் செலுத்தும் நோக்கம் கூடாது. பின்னாளில் நடவடிக்கை விரிந்தால் அதற்குத் தனியாக ஓர் அறிவிப்புக் குறிப்பு வேண்டும்.

அதன் பிறகு இரு அவைகளின் உளவுக் குழுக்களுக்கும் தெரிவிக்க வேண்டும். மிக நுட்பமான விஷயம் என்றால் எட்டுப் பேருக்கு மட்டும் சொல்லலாம்: இரு குழுக்களின் தலைவர்களும் அவற்றின் மூத்த எதிர்த்தரப்பு உறுப்பினர்களும் நால்வர், இரு அவைகளின் கட்சித் தலைவர்கள் நால்வர். இந்த எட்டுப் பேருக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லை. பணத்தை நிறுத்தும் பலம் மட்டும் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது.

இந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. கீழே வருபவை பெரும்பாலும் அவைதான்.

கையெழுத்து முறை வருவதற்கு முன் எப்படி?

1974 வரை அதிபர் தலையசைப்பார். சிறு குழு ஒன்று குறிப்பெழுதும். 1953இல் ஈரானில் பிரதமர் மொசாதெக், 1954இல் குவாத்தமாலாவில் அதிபர் அர்பென்ஸ். இரண்டு ஆட்சிக் கவிழ்ப்பும் ஐசனோவரின் ஒப்புதலோடு நடந்தவை. எளிதாக முடிந்ததாகத் தோன்றியதால் வெள்ளை மாளிகைக்கு ருசி பிடித்துவிட்டது.

மறுப்பு எப்படி உடையும் என்பதற்குப் பாடம் 1960 மே 1. சோவியத் நாட்டின் மேலே சி.ஐ.ஏ.வின் யு-2 உளவு விமானம் சுடப்பட்டது. நாசாவின் வானிலை ஆய்வு விமானம் வழி தவறிவிட்டது என்று அமெரிக்கா அறிவித்தது. விமானி இறந்திருப்பார் என்ற நம்பிக்கையில் சொன்ன கதை அது. மே 7 அன்று சோவியத் தலைவர் குருஷேவ், விமானி கேரி பவர்ஸ் உயிரோடு எங்கள் கையில் இருக்கிறார் என்றார். ஐசனோவருக்கு இரண்டே வழி: எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தன் அரசு தன் பிடியில் இல்லை என ஒப்புக்கொள்வது, அல்லது பொறுப்பேற்பது. மே 11 அன்று பொறுப்பேற்றார். பாரிஸ் உச்சிமாநாடு முறிந்தது.

பிக்ஸ் விரிகுடாவில் தவறு கென்னடியுடையதா, சி.ஐ.ஏ.வுடையதா?

இருவருடையதும். எப்படி என்பதுதான் முக்கியம். காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்க, கியூப அகதிகளுக்குப் பயிற்சி கொடுத்துக் கியூபாவைத் தாக்கும் சி.ஐ.ஏ. திட்டத்துக்கு ஐசனோவர் 1960 மார்ச்சில் ஒப்புதல் தந்தார். கென்னடி வந்ததும், இவ்வளவு சத்தம் வேண்டாம் என்றார். முதலில் தேர்ந்த இடம் கியூபாவின் கரையிலுள்ள டிரினிடாட் நகரம். தோற்றால் பக்கத்து எஸ்காம்ப்ரே மலைக்குள் ஓடி கெரில்லாக்களாக மாறலாம். அமைதியான இடம் வேண்டும் என்று பிக்ஸ் விரிகுடாவுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து அந்த மலை ஏறக்குறைய 80 மைல்; நடுவே சதுப்பு நிலம். தப்பும் வழி போய்விட்டது என்பதை அதிபருக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

1961 ஏப்ரல் 15 அன்று முதல் விமானத் தாக்குதல் காஸ்ட்ரோவின் விமானப்படையை முழுதாக அழிக்கவில்லை. 17ஆம் தேதி விடியலில் நடக்கவேண்டிய இரண்டாம் தாக்குதலை முந்தைய இரவு கென்னடி நிறுத்தினார். ஏறக்குறைய 1,400 கியூப அகதிகள் கரையிறங்கினார்கள். எஞ்சியிருந்த விமானங்கள் அவர்களின் வெடிமருந்துக் கப்பலை மூழ்கடித்தன. மூன்று நாளில் முடிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தார்கள். 1,100க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள்.

திட்டமிட்டவர்கள், நிலைமை மோசமானால் அதிபர் அமெரிக்கப் படையை இறக்கியே தீருவார் என்று மனதுக்குள் கணக்குப் போட்டார்கள். அதிபர், நான் இறக்க மாட்டேன் என்று சொன்னதை அவர்கள் நம்புவதாக நினைத்தார். சி.ஐ.ஏ.வின் சொந்தப் பகுப்பாய்வுப் பிரிவிடம், கியூப மக்கள் எழுவார்களா என்று முறையாகக் கேட்கவே இல்லை. அமைப்பின் உள் தணிக்கை அதிகாரி லைமன் கிர்க்பாட்ரிக் அதே ஆண்டு எழுதிய அறிக்கை தன் அமைப்பையே கடுமையாகச் சாடியது. 1998 வரை அது பூட்டிக் கிடந்தது.

கென்னடி வெளிப்படையாகப் பொறுப்பேற்றார். சி.ஐ.ஏ. தலைவர் ஆலன் டல்லஸை நவம்பரில் வீட்டுக்கு அனுப்பினார். ஆனால் அமைப்பை ஒதுக்கவில்லை: 1962 அக்டோபரில் கியூபாவின் ஏவுகணைகளை யு-2 படங்களில் கண்டுபிடித்து அவரிடம் வைத்தது அதே சி.ஐ.ஏ.தான்.

அதிபர் சொன்னதை சி.ஐ.ஏ. மறுத்ததுண்டா?

உண்டு. 1972 ஜூன் 23 அன்று, எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஒட்டுக்கேட்க நுழைந்தவர்கள் பிடிபட்ட வாட்டர்கேட் வழக்கின் விசாரணையை நிறுத்தும்படி எஃப்.பி.ஐ.யிடம் சி.ஐ.ஏ. மூலம் சொல்லவைக்க நிக்சன் ஒப்புக்கொண்டார். துணை இயக்குநர் வெர்னான் வால்டர்ஸ் முதலில் போய்ச் சொல்லவும் செய்தார். ஆனால் அதை எழுத்தில் தரும்படி எஃப்.பி.ஐ. கேட்டபோது மறுத்துவிட்டார், ஜூலை தொடக்கத்தில், எங்களுக்கு இதில் அக்கறை இல்லை என்றார். அந்த உரையாடலின் ஒலிநாடா 1974 ஆகஸ்ட் 5 அன்று வெளியானது. நான்கு நாளில் நிக்சன் பதவி விலகினார்.

இதே காலத்தில் எதிர்மாறான ஒன்றும் நடந்தது. 1970 செப்டம்பர் 15 அன்று, சிலியில் இடதுசாரித் தலைவர் அயெந்தே அதிபராகப் பதவியேற்பதைத் தடுக்க நிக்சன் வாய்மொழியாக உத்தரவிட்டார். சி.ஐ.ஏ. தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் கையால் எடுத்த குறிப்பு இருக்கிறது: ஒரு கோடி டாலர், தேவைப்பட்டால் மேலும், தூதரகத்துக்குத் தெரிய வேண்டாம். ஹெல்ம்ஸ் மறுக்கவில்லை. பின்னர் செனட்டில் உண்மையை மறைத்ததற்காக 1977இல் 2,000 டாலர் அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட இரண்டாண்டுத் தண்டனையும் பெற்றார். உத்தரவிட்டவர் இதற்காக எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை.

சி.ஐ.ஏ. கட்டுப்பாடில்லாமல் திரியும் அமைப்பு என்கிறார்களே?

1975இல் சி.ஐ.ஏ.வைப் பற்றிய செனட் விசாரணை தொடங்கியபோது அதற்குத் தலைமையேற்ற செனட்டர் ஃபிராங்க் சர்ச்சும் அப்படித்தான் நினைத்தார். கூட்டத்தை விட்டு வெறி கொண்டு அலையும் ஒற்றை யானையோடு ஒப்பிட்டுப் பேசினார். மூணாறு, மறையூர்ப் பக்கம் ஒற்றையானையைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமையின் அச்சம் புரியும். ஆனால் கீழவையில் ஓடிஸ் பைக் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை நேர்மாறாக முடிந்தது: சி.ஐ.ஏ. கட்டுமீறவில்லை, அதிபரும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகரும் சொன்னதைத்தான் முழுமூச்சாகச் செய்திருக்கிறது என்றது. அவை அந்த அறிக்கையை வெளியிட மறுத்தது. 1976இல் கசிந்துதான் வெளியே வந்தது.

எங்களுக்கும் பைக் சொன்னதே சரியாகப் படுகிறது. 'கட்டுப்பாடற்ற அமைப்பு' என்ற பேச்சு அதிபர்களுக்கு வசதியானது. பழி கீழே இறங்கிவிடும்.

1974க்குப் பிறகும் ஈரான்-கான்ட்ரா எப்படி நடந்தது?

ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நிகரகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பிய ரீகன் கால விவகாரம் இது. 1974 டிசம்பரில் வந்த ஹியூஸ்-ரயன் திருத்தம், அதிபரின் தீர்மானம் இல்லாமல் ரகசிய நடவடிக்கைக்குப் பணம் கிடையாது என்றது. அந்தத் தீர்மானம் எழுத்தில் இருக்க வேண்டும், முன்கூட்டியே வர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லவில்லை. 1985 நவம்பரில் ஈரானுக்கு ஏவுகணை போனதில் சி.ஐ.ஏ. உதவியது, தாள் இல்லை. துணை இயக்குநர் ஜான் மக்மஹன் தாள் கேட்டு நின்றார். டிசம்பர் 5 அன்று ரீகன், நடந்து முடிந்ததற்கும் சேர்த்துக் கையெழுத்திட்டார். 1986 ஜனவரி 17 அன்று இன்னொன்று. அதில் நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டாம் என்றே எழுதியிருந்தது. விஷயம் நவம்பரில் வெடித்தபோது, பாதுகாப்பு ஆலோசகர் பாயின்டெக்ஸ்டர் முதல் தாளின் கையெழுத்திட்ட பிரதியைக் கிழித்துப்போட்டார். அவரே பின்னர் சாட்சியத்தில் அதை ஒப்புக்கொண்டார். முன்தேதி கூடாது, எழுத்தில் வேண்டும் என்ற 1991 சட்ட வரிகள் இங்கிருந்து வந்தவை.

ஈராக் ஆயுதங்கள் விஷயத்தில் அதிபர் பொய் சொன்னாரா, சி.ஐ.ஏ. தவறாகச் சொன்னதா?

ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொன்ன 2002 அக்டோபர் உளவு மதிப்பீட்டை சில வாரங்களில் எழுதி முடித்தார்கள். வெளியுறவுத்துறை உளவுப் பிரிவும் எரிசக்தித்துறையும் முக்கிய இடங்களில் மாறுபட்டன. 2005இல் வந்த ஆணைய அறிக்கை, மதிப்பீடுகள் ஏறக்குறைய முழுக்கத் தவறு என்றது. அரசியல் அழுத்தத்தால் முடிவுகள் மாற்றப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது.

அதோடு நிறுத்தினால் அதிபர் தரப்பு தப்பிவிடும். ஈராக் ஆப்பிரிக்காவில் யுரேனியம் தேடியது என்ற வரியை 2002 அக்டோபரில் புஷ்ஷின் சின்சினாட்டி உரையிலிருந்து சி.ஐ.ஏ. எடுக்கவைத்தது. 2003 ஜனவரி 28 நாடாளுமன்ற உரையில், பிரிட்டன் சொல்வதாக அதே வரி திரும்ப வந்தது. ஜூலையில் இயக்குநர் ஜார்ஜ் டெனட் பழியை ஏற்றார். சில நாளில் துணைப் பாதுகாப்பு ஆலோசகர் ஸ்டீபன் ஹேட்லி, அக்டோபரிலேயே தனக்கு எழுத்துக் குறிப்பு வந்தது என்று ஒப்புக்கொண்டார்.

கொலை செய்ய உத்தரவிட அதிபருக்கு அதிகாரம் உண்டா?

அரசியல் படுகொலையை 1976இல் ஃபோர்டின் ஆணை தடுத்தது. ரீகனின் 1981 டிசம்பர் ஆணை, எண் 12333, இன்றும் அடிப்படை. இவை அதிபர் ஆணைகள்; நாடாளுமன்றச் சட்டங்கள் அல்ல. அடுத்த அதிபர் மாற்றலாம். போர் எதிரியைத் தாக்குவது இந்தத் தடைக்குள் வராது என்பது அரசின் வாதம். 2011 மே 2 அன்று அபோட்டாபாத்தில் பின் லாடனைக் கொன்ற கடற்படை வீரர்கள் சி.ஐ.ஏ. இயக்குநரின் அதிகாரத்தின் கீழ்தான் அன்று இயங்கினார்கள்.

1959இல் கேரள ஆட்சியைக் கவிழ்த்தது சி.ஐ.ஏ.வா?

1973 முதல் 1975 வரை டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிகன், 1978இல் எழுதிய நினைவுக் குறிப்பில், இந்திய மாநில அரசியலில் அமெரிக்கா இரண்டு முறை பணம் கொடுத்தது என்றார்: ஒருமுறை கேரளம், ஒருமுறை மேற்கு வங்கம். இரண்டிலும் காங்கிரஸ் கட்சிக்கு. ஒருமுறை அப்போது கட்சி நிர்வாகியாக இருந்த இந்திரா காந்தியிடமே. இந்திரா மறுத்தார். மொய்னிகன் நேரில் கண்ட சாட்சி அல்ல. பிறகு வந்த தூதர். ஆனாலும் அந்தப் பதவியை வகித்த ஒருவரின் எழுத்து என்பதால் இதற்கு எடை உண்டு.

அதனால் சி.ஐ.ஏ.தான் கவிழ்த்தது என்று சொல்லிவிட முடியாது. நம்பூதிரிபாட் அரசு மிக மெல்லிய பெரும்பான்மையில் நின்றது. பாவலர் வரதராசன் தோட்டம் தோட்டமாகப் பாடி வாக்குக் கேட்ட 1958 தேவிகுளம் இடைத்தேர்தல் அவ்வளவு முக்கியமானதற்குக் காரணமே அதுதான். கல்வி மசோதா, நில உறவு மசோதா, சமுதாய அமைப்புகளின் எதிர்ப்பு, 1959 ஜூன் 13 அங்கமாலித் துப்பாக்கிச்சூடு எல்லாம் சேர்ந்து தெருவை நிரப்பின. ஜூலை 31 அன்று 356ஆம் பிரிவில் கையெழுத்திட்டவர் நம் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத். ஆலோசனை தந்தது நேருவின் அமைச்சரவை. வெளிநாட்டுப் பணம் எரிகிற அடுப்பில் விறகாக விழுந்திருக்கலாம். அடுப்பு இங்கே மூட்டியது.

ஐசனோவரின் கையெழுத்து இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: 1959இல் ஃபைண்டிங் முறையே இல்லை. அப்படி ஒரு தாளின் படம் வாட்ஸ்அப்பில் வந்தால் அது போலி.

இஸ்ரோ உளவு வழக்கில்?

1994இல் போடப்பட்ட வழக்கைப் பொய் என்று சி.பி.ஐ. 1996இல் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றம், அதில் கைதான இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. சி.ஐ.ஏ. பின்னணி என்பது அவர் வைக்கும் குற்றச்சாட்டு. எந்த நீதிமன்றமும் அதை உறுதிசெய்யவில்லை.

மூல ஆவணங்களை நாமே படிக்க முடியுமா?

முடியும், காசில்லாமல். கென்னடி, ஜான்சன் காலத் தினச் சுருக்கங்கள் 2015இலும், நிக்சன், ஃபோர்டு காலத்தவை 2016இலும் வெளியாயின. 2017 ஜனவரியில் 1.2 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் சி.ஐ.ஏ. தளத்தின் வாசிப்பறையில் ஏற்றப்பட்டன. அமெரிக்க வெளியுறவுத்துறை வரலாற்று அலுவலகம் வெளியிடும் ஆவணத் தொகுதிகள் இன்னும் ஒழுங்கானவை. தொடங்குபவர்கள் அங்கே தொடங்குவது நல்லது.

தேடும்போது இன்றைய எழுத்துமுறை பலன் தராது. திருவனந்தபுரத்தை ட்ரிவாண்ட்ரம் என்றும், பாலக்காட்டைப் பால்காட் என்றும் ஆங்கிலத்தில் இடுங்கள். நம்பூதிரிபாட் பெயரை இரட்டை ஓ எழுத்தோடு ஒருமுறை, யு எழுத்தோடு ஒருமுறை தேடுங்கள். மங்கிய தட்டச்சை இயந்திரம் தவறாகப் படித்திருக்கும் என்பதால், பெயரில் சிக்காவிட்டால் தேதியை வைத்துப் போங்கள்: 1959 ஜூன், ஜூலை மாத தினசரி புல்லட்டின்களை வரிசையாகப் புரட்டுவதே நம்பகமான வழி.

கிடைத்த தாள் எந்த வகை என்று பாருங்கள். வாசிப்பறையில் இருப்பவை பெரும்பாலும் பகுப்பாய்வுகள். 'கேரளத்தில் போராட்டம் வலுக்கிறது' என்று ஒரு குறிப்பு இருந்தால், அமைப்பு கவனித்தது என்றுதான் பொருள், செய்தது என்றல்ல. செய்தித்தாள் கத்தரிப்புகளும் அங்கே ஏராளம். ஒரு பத்திரிகைக் கட்டுரையின் மேல் சி.ஐ.ஏ. முத்திரை இருப்பதால் அது சி.ஐ.ஏ. எழுதியதாகிவிடாது. 'சி.ஐ.ஏ. ஆவணமே சொல்கிறது' என்று பரவும் செய்திகளில் நாங்கள் அதிகம் காணும் பிழை இதுதான்.

இல்லாத ஆவணத்தைக் கேட்டு தகவல் சுதந்திரச் சட்டப்படி மனு போடலாம். அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. தேதி, இடம், ஆவண வகை மூன்றையும் குறுக்கிக் கேளுங்கள்; 'கேரளம் பற்றிய அனைத்தும்' என்று கேட்டால் மனு நகராது. சாதாரண மனுதாரருக்கு முதல் இரண்டு மணி நேரத் தேடலும் முதல் 100 பக்கங்களும் இலவசம். அதற்கு மேல் எவ்வளவு வரை கட்டணம் தரத் தயார் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். சட்டம் 20 வேலை நாள் என்கிறது. நடைமுறையில் மாதங்கள், சிலவேளை ஆண்டுகள். 'இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல இயலாது' என்று பதில் வந்தால் அதை ஒப்புதலாகவும் எண்ண வேண்டாம், மறுப்பாகவும் எண்ண வேண்டாம். மேல்முறையீட்டுக்கு 90 நாள் உண்டு. அதில், அதே விஷயத்தை அமெரிக்க அரசு ஏற்கெனவே வெளியிட்ட வேறு ஆவணம் இருந்தால் அதன் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு ஒரு பிரதி இணையுங்கள்.